அலையில் இருந்தவை, கரையில் ஒதுங்கியவை

1

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து மணிக்கே தாம்பரத்திலிருந்து பைக்கைக் கிளப்பிவிட்டேன். வண்டலூரில் இடப்பக்கம் திரும்பி, மாம்பாக்கம், கேளம்பாக்கம் தாண்டி கோவளம். வாரம் முழுக்க ஓஎம்ஆரில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றுக்குள் உட்கார்ந்து, யாரோ எழுதிவிட்டுப் போன கோடில் பிழை தேடுவதுதான் எனக்கு வேலை. அதற்கு மாற்றாக இருக்கட்டும் என்று அலைச்சறுக்குப் பயிற்சியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கற்றுக்கொண்டேன் என்றெல்லாம் சொல்ல முடியாது. நான் பலகைமேல் எழுந்து நிற்பதற்குள் அலை கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அன்றும் விழுந்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து, கண்ணிலிருந்து உப்புத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபோது அடுத்த அலை எழும்பிக்கொண்டிருந்தது. சூரியன் அதற்குப் பின்னால். அலை பச்சைக் கண்ணாடி போல ஒளி ஊடுருவி நின்றது. அதற்குள் மூன்று கரிய உடல்கள்.

முதலில் வந்தது பயம்தான். சுறா என்றே நினைத்தேன். ஆனால் அவை என்னை நோக்கி வரவில்லை. அலையின் சரிவோடு பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வந்தன. வால் அசைந்த மாதிரியே தெரியவில்லை. அலை உடையப்போகும் தருணத்தில் மூன்றும் ஒரேசமயத்தில் திரும்பி, அலையின் முதுகைத் துளைத்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டன. இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு அலை. அதே மூன்று. அதே மாதிரி கடைசி நொடியில் திரும்பல். இப்படி நான்கு முறை நடந்தது.

கரையில் வலை சீர்செய்துகொண்டிருந்த மீனவ அண்ணா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னா தம்பி, இப்பதான் மொத தபா பாக்குறியா? ஓங்கிலு. வெளாடுதுங்க.”

“அடிக்கடி வருமா அண்ணா?”

“மடவை வந்தா பின்னாலயே வரும். வயிறு ரொம்பிச்சுன்னா வெளாட ஆரம்பிச்சிரும். நாங்க கட்டுமரத்துல போன காலத்துல கூடவே வரும். அது வர்ற அலையிலதான் நாங்களும் கரைக்கு வருவோம்.”

“இதெல்லாம் யாராவது எழுதி வெச்சிருக்காங்களா?”

“செத்து ஒதுங்குச்சுன்னா வந்து எழுதிக்கினு போவாங்க.”

சாதாரணமாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து அன்றிரவு தேட ஆரம்பித்த பிறகுதான் அந்த வாக்கியத்தின் எடை தெரிந்தது. சென்னைக் கடற்கரையின் ஓங்கில்களைப் பற்றிய நூற்றைம்பது ஆண்டு ஆவணங்களுக்கு இதைவிடச் சுருக்கமான முன்னுரை எழுத முடியாது.

2

ஓங்கிலுக்கு முன்னால் அலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மதராஸின் வரலாறே ஒருவகையில் அலையோடு நடந்த சண்டைதான்.

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வந்து இறங்கியபோது துறைமுகம் என்று எதுவும் இல்லை. நேரான மணற்கரை, அதில் ஓயாமல் உடையும் அலை. கப்பல்கள் தொலைவில் ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆட்களும் பெட்டிகளும் கரைக்கு வரவேண்டும் என்றால் மசூலா படகு வேண்டும். ஆணியே இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அலை அடித்தால் விரிசல் விடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். மசூலாவால்கூடப் போக முடியாத நாட்களில் கட்டுமரம். அலைக்கு அப்பால் நிற்கும் கப்பலுக்குக் கடிதம் அனுப்ப, கட்டுமரக்காரர் அதைத் தண்ணீர் புகாத தொப்பிக்குள் வைத்துத் தலையில் கட்டிக்கொண்டு போவார். அலை புரட்டிப் போட்டாலும் நீந்தி மறுபடி மரத்தைப் பிடித்துக்கொள்வார். வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதிய புத்தகம் 1697-ல் வந்தது. ஆங்கிலத்துக்குக் ‘காட்டமரான்’ என்ற சொல் போனது இந்தக் கரையிலிருந்துதான்.

ஊர் தொடங்கி இருநூறு ஆண்டு தாண்டிய பிறகு, 1861-ல்தான் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று வந்தது. 1875-ல் துறைமுகச் சுவர் கட்டும் வேலை தொடங்கியது. 1881-ல் ஒரு புயல் அந்தச் சுவரைப் பெயர்த்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். அந்தச் சுவர் மணலைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகலமாகியது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துப்போனது. அது தனிக்கதை.

நான் சொல்லவந்தது வேறு. இத்தனை ஆண்டுப் பயணக்குறிப்புகளிலும் மதராஸ் அலை பெரும்பாலும் தொல்லையாகவே வருகிறது. நனைந்த துணி, கவிழ்ந்த படகு, தொலைந்த பெட்டி, செத்த மனிதன். அதே 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேப்டன் குக்கின் கப்பல்கள் ஹவாய்த் தீவுக்குப் போனபோது, அங்குள்ளவர்கள் பலகை வைத்து அலையில் சறுக்குவதைக் கப்பலில் இருந்தவர்கள் வியந்து எழுதினார்கள். அது விளையாட்டாக உலக வரலாற்றில் ஏறியது. இங்கே கட்டுமரத்தில் நின்றுகொண்டு, சரியான அலைக்குக் காத்திருந்து, அதன் முகட்டைப் பிடித்துக் கரைக்கு வந்த மனிதரும் உடலாலும் கண்ணாலும் செய்தது கிட்டத்தட்ட அதையேதான். ஆனால் அவர் தலையில் கம்பெனியின் கடிதம் இருந்தது. அதனால் அது போக்குவரத்துக் கணக்கில் பதிவானது.

3

ஓங்கிலுக்கு வருவோம். மதராஸ் மாகாணத்தில் ஓங்கில்களை அறிவியல் கணக்கில் ஏற்றியவர்களில் முக்கியமானவர் வால்டர் எலியட். கம்பெனியின் சிவில் அதிகாரி. அமராவதிச் சிற்பங்களைத் தோண்டி எடுத்து மதராஸுக்குக் கொண்டுவந்தவர் என்று வரலாற்று மாணவர்களுக்குத் தெரியும். நாணயம், கல்வெட்டு, பறவை, மீன் என்று அவர் கைவைக்காத துறை குறைவு. விசாகப்பட்டினம் பக்கம் வேலை பார்த்த காலத்தில் ஓங்கில்களின் மண்டையோடுகளையும் சேகரித்தார்.

அவற்றை லண்டனில் ஆராய்ந்தவர் ரிச்சர்ட் ஓவன். ‘டைனோசர்’ என்ற சொல்லை உருவாக்கிய அதே ஓவன்தான். எலியட் சேகரித்த இந்தியக் கடற்பாலூட்டிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1866-ல் வெளியானது. இன்று ‘ஐராவதி ஓங்கில்’ என்று உலகம் அழைக்கும் உயிரினத்துக்கு அறிவியல் பெயர் வந்தது அதில்தான். பெயரில் பர்மாவின் நதி இருந்தாலும் அந்த முதல் மாதிரி 1852-ல் விசாகப்பட்டினத்தில் கிடைத்தது. வால்டேர் கரையில் கிடைத்த, உடம்பெல்லாம் புள்ளி விழுந்த ஒரு கூன்முதுகு ஓங்கிலும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது.

என்னை நிறுத்திவைத்தவை வேறு இரண்டு பெயர்கள். ஒன்றுக்கு ‘கடாமு’ என்றும், மதராஸிலிருந்து வந்த இன்னொன்றுக்கு ‘பொமீக்ரா’ என்றும் பெயர் சூட்டியிருக்கிறார் ஓவன். இவற்றை லத்தீன் அகராதியில் தேடிப் பயனில்லை. கரையில் மீனவர்கள் சொன்னது அதிகாரியின் காதில் விழுந்து, நோட்டில் ஏறி, கப்பலேறி லண்டன் போய், அங்கே அறிவியல் பெயராகத் திரும்பியிருக்கிறது. பின்னால் வந்த வகைப்பாட்டாளர்கள் இந்த இரண்டும் ஏற்கெனவே பெயரிடப்பட்ட இனங்கள்தான் என்று முடிவுசெய்து பெயர்களை நீக்கிவிட்டார்கள். இப்போது அவை பழைய பட்டியல்களில் மாற்றுப்பெயராக மட்டும் கிடக்கின்றன.

இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். அந்தப் பெயரை எலியட்டுக்குச் சொன்ன மீனவருக்கு ஓங்கில் எப்படி நீந்தும், எந்தக் காற்றில் வரும், எந்த மீன் பின்னால் வரும், அலையில் என்ன செய்யும் என்பது எல்லாம் தெரிந்திருக்கும். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது ஒரு பெயரும் ஒரு மண்டையோடும் மட்டும். எலியட் கெட்ட மனிதர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அன்றைய அறிவியல் கேட்ட கேள்வி ‘இது என்ன இனம்’ என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல எலும்பு போதும்.

சின்ன வயதில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கில எலும்புக்கூட்டை அண்ணாந்து பார்த்தவர்கள் நம்மில் நிறைய பேர் இருப்போம். நம் கடலின் பாலூட்டிகளோடு நமக்கு ஏற்பட்ட முதல் அறிமுகமே எலும்பாகத்தான் நடந்திருக்கிறது.

4

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தப் போக்கு மாறியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் இயங்கி, பிறகு மண்டபத்துக்கும் அப்புறம் கொச்சிக்கும் போனது. அதன் பழைய வெளியீடுகளில் ஓங்கில் பற்றிய குறிப்புகள் ஏராளம். கிட்டத்தட்ட எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை: இன்ன தேதியில், இன்ன ஊர்க் கரையில், இவ்வளவு நீளமுள்ள ஓங்கில் இறந்து ஒதுங்கியது. மூக்கிலிருந்து வால் வரை இத்தனை சென்டிமீட்டர். பல் இத்தனை.

பெரிய எண் ஒன்றும் உண்டு. 1973 ஜனவரி 14, பொங்கல் நாளை ஒட்டி, தூத்துக்குடிக்குத் தெற்கே மணப்பாடு பக்கம் 147 பைலட் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. பெயர்தான் திமிங்கிலம், குடும்பம் ஓங்கில் குடும்பம். 43 ஆண்டு கழித்து, 2016 ஜனவரியில், அதே மணப்பாட்டில் மறுபடி 80-க்கும் மேல் ஒதுங்கின. மீனவர்கள் இரவெல்லாம் அவற்றைக் கடலுக்குள் இழுத்துவிட்டார்கள். இழுத்துவிட்டவற்றில் பல திரும்பவும் கரைக்கே வந்தன. இந்த இனத்தில் கூட்டத்தின் பிணைப்பு அவ்வளவு பலமானது. ஒன்று கரையில் கிடந்தால் மற்றவை விட்டுப்போகாது. அப்போது செய்தி போட்ட தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஓடியது எண்ணிக்கை மட்டும்தான்.

2002-ல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் பி. எல். குமரன் என்ற ஆய்வாளர், இந்தியாவின் கடற்பாலூட்டி ஆராய்ச்சி முழுவதையும் அலசி ஒரு விமர்சனம் எழுதினார். நம் தரவுகளில் பெரும்பகுதி தற்செயலாகக் கரை ஒதுங்கியவற்றிலிருந்தும் வலையில் மாட்டியவற்றிலிருந்தும் வந்தது, இன அடையாளங்களிலேயே நிறையத் தவறுகள் இருக்கின்றன என்பது அதன் சாரம். கோவளத்து அண்ணா சொன்ன அதே விஷயம், அடிக்குறிப்புகளோடு.

அதன் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. 2003 முதல் சில ஆண்டுகள் ‘சாகர் சம்பதா’ என்ற ஆராய்ச்சிக் கப்பலில் போய் உயிருள்ள ஓங்கில்களையும் திமிங்கிலங்களையும் கண்ணால் பார்த்துப் பதிவுசெய்தார்கள். சமீப ஆண்டுகளில் இந்தக் கணக்கெடுப்பு வேகமெடுத்ததற்கு ஒரு வேடிக்கையான காரணம் இருக்கிறது. கடற்பாலூட்டிகளைக் கொல்லும் முறையில் பிடித்த கடலுணவை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா விதி கொண்டுவந்தது. ஏற்றுமதி நிற்காமல் இருக்கவேண்டும் என்றால் நம் கடலில் எத்தனை ஓங்கில் உயிரோடு இருக்கிறது என்று காட்டவேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளாக எலும்பை எண்ணியவர்களை உயிரை எண்ண வைப்பதில் வியாபாரத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

5

சரி, அந்த மூன்றும் அலைக்குள் என்னதான் செய்துகொண்டிருந்தன? இன்ஜினியரிங் படித்த புத்தி அங்கேதான் போய் நின்றது.

1936-ல் ஜேம்ஸ் கிரே என்ற ஆங்கில விலங்கியலாளர் ஒரு கணக்குப் போட்டார். இந்தியப் பெருங்கடலில் ஒரு கப்பலின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு ஓர் ஓங்கில் 7 வினாடியில் கடந்துபோனதாக ஒருவர் பார்த்திருந்தார். அந்த வேகத்துக்குத் தேவையான விசையைக் கணக்கிட்டால், ஓங்கிலின் தசை மற்ற பாலூட்டிகளின் தசையைவிட 7 மடங்கு வலுவாக இருக்கவேண்டும் என்று வந்தது. ‘கிரேயின் புதிர்’ என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது. தோலில் ஏதோ மாயம் இருக்கிறது என்று பல பத்தாண்டுகள் தேடினார்கள். கப்பலை ஒட்டி நீந்திய அந்த ஓங்கில் கப்பலின் அலையிலேயே ஓசிச் சவாரி செய்திருக்கலாம் என்பது பின்னால் வந்த விமர்சனங்களில் ஒன்று. கடைசியில் 2014-ல் ஃபிராங்க் ஃபிஷ் குழு, நீருக்குள் குமிழிகளை விட்டு, ஓங்கிலின் வால் அவற்றைத் தள்ளும் விதத்தை அளந்து பார்த்தது. மாயம் ஒன்றும் இல்லை, வாலுக்கே அந்தச் சக்தி உண்டு.

சவாரி விஷயத்தை 1950-களில் சிலர் தனியாக ஆராய்ந்தார்கள். ஹேய்ஸ் 1953-ல் அலைச்சரிவைக் கொண்டு விளக்கம் சொன்னார். சுருக்கமாக இப்படி: அலை முன்னேறும்போது அதன் முன்சரிவில் இருக்கும் உடலைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. சரிவும் அதே வேகத்தில் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கிறது. எனவே உடல் கீழே விழுந்துகொண்டே இருக்கிறது, ஆனால் அடிவாரம் வருவதே இல்லை. நீரின் இழுவைக்கும் இந்தச் சரிவின் தள்ளலுக்கும் சமன் வந்துவிட்டால் வாலை ஆட்டவே வேண்டாம். பலகை வைத்திருக்கும் நாம் நீரின் மேல் சறுக்குகிறோம். ஓங்கில் நீருக்குள்ளேயே சறுக்குகிறது. 1992-ல் டெர்ரி வில்லியம்ஸ் குழு, பழக்கிய ஓங்கில்களைப் படகோடு நீந்தவிட்டு இதயத் துடிப்பையும் மூச்சையும் அளந்தது. படகின் அலையில் ஏறிக்கொண்டால் அதிக வேகத்தில் போகும்போதும் உடலுக்குச் செலவு கூடவில்லை.

படகோடு போவதற்கு இது நல்ல விளக்கம். போகவேண்டிய இடத்துக்குக் குறைந்த செலவில் போய்ச் சேரலாம். ஆனால் கோவளத்தில் நான் பார்த்தது அது இல்லையே? அவை கரைக்கு அருகே வந்தன, திரும்பின, கிளம்பிய இடத்துக்கே போயின, மறுபடி வந்தன. வரும்போது மிச்சம் பிடித்ததைத் திரும்பிப் போகையில் செலவழித்தாயிற்று. நிகர இடப்பெயர்ச்சி பூஜ்யம். என் வேலையில் இப்படி ஒரு லூப் கண்ணில் பட்டால் முதல் காரியமாக அதை நீக்குவோம். எந்த வெளியீடும் இல்லாத ஓட்டம். விளையாட்டு என்பதற்கு இதைவிட நேரான வரையறை எனக்குக் கிடைக்கவில்லை.

விளையாட்டு ஏன் ஆவணத்தில் இல்லை என்பதும் அப்போது கொஞ்சம் புரிந்தது. அது எதையும் விட்டுப்போவதில்லை. அளக்க நீளம் இல்லை, எண்ணப் பல் இல்லை. அந்த நேரத்தில் அங்கே நின்றவர் சொன்னால்தான் உண்டு.

6

ஓங்கிலின் விளையாட்டை நம் ஊர் மதித்த ஒரு சந்தர்ப்பமும் இருக்கிறது. அது டிக்கெட் போட்டு.

1998-ல் ஈசிஆரில் மாமல்லபுரம் போகும் வழியில் ‘டால்பின் சிட்டி’ வந்தது. பல்கேரியாவிலிருந்து ஓங்கில்களைக் கொண்டுவந்து தொட்டியில் விட்டு வேடிக்கை காட்டினார்கள். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். தாம்பரத்தில் எங்கள் வகுப்பில் யார் போய்ப் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று ஒரு சாதிப் பிரிவினையே நடந்தது. பந்தைத் தூக்கிப் போடுமாம், வளையத்துக்குள் தாவுமாம். அப்பா, “முழுப் பரீட்சை லீவுல கூட்டிட்டுப் போறேன்டா” என்றார். லீவு வந்தபோது, “அங்க டால்பின்லாம் இப்ப இல்லையாம்” என்று யாரோ சொன்னார்கள். விலை ஏறிவிட்டதால் அப்பா சொல்லும் சாக்கு என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். பல ஆண்டு கழித்துத்தான் படித்தேன்: கொண்டுவந்த சில மாதங்களிலேயே அந்த ஓங்கில்கள் இறந்துபோயிருந்தன.

2013 மே மாதம் மத்திய அரசு நாட்டில் எங்கேயும் ஓங்கில் காட்சிசாலைக்கு அனுமதி இல்லை என்று சுற்றறிக்கை விட்டது. ஓங்கில்களை மனிதர் அல்லாத நபர்களாகக் கருதவேண்டும் என்ற அறிஞர்களின் கருத்தையும் அதில் சேர்த்திருந்தார்கள். நல்ல முடிவுதான். ஆனால் என்னை உறுத்துவது அந்தத் தொட்டியின் இருப்பிடம். ஈசிஆர் என்றாலே கடலோரச் சாலை. காசு கொடுத்து உள்ளே போன குழந்தைகள் தாவும் ஓங்கிலைப் பார்த்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கம், கட்டுமரத்துக்காரர்கள் தினமும் பார்த்த கடலில், அதே தாவல் இலவசமாக நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. குப்பத்துக்குப் போய்க் கேட்கவேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவும் இல்லை. தாம்பரத்திலிருந்து கடல் ஒரு மணி நேரத் தூரம்தான். எங்களுக்கு அது பீச்சாக இருந்தது, கடலாக இல்லை.

7

கோவளத்தில் பலகை ஏறும் பையன்கள் பெரும்பாலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அதே ஊர் மீனவரான மூர்த்தி மேகவன் 2012-ல் மற்றவர்களின் துணையோடு இங்கே அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். இன்று இங்கிருந்து போய்ப் போட்டிகளில் ஜெயிக்கிறார்கள். செய்திகளில் ‘இந்தியாவுக்குப் புதிதாக வந்த விளையாட்டு’ என்று எழுதுகிறார்கள். பலகை புதிது. அலையைப் படிக்கும் கண் புதிதில்லை. அந்தப் பையன்கள் ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்வதை நான் இன்னும் பிடிக்காததற்கு அதுவே காரணம் என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் போனபோது அந்த அண்ணாவிடம் நான் கண்டுபிடித்ததை எல்லாம் சொன்னேன். எலியட், மண்டையோடு, லண்டன். ‘பொமீக்ரா’ என்று சொல்லிக் காட்டினேன். இரண்டு மூன்று தடவை வாயில் போட்டு மென்றுவிட்டு, “அப்டி எங்களுக்குள்ள பேரு கெடையாதே” என்றார். பிறகு கேட்கத் தயங்கியதைக் கேட்டேன்.

“உங்க வலையில மாட்டாதாண்ணா?”

கொஞ்ச நேரம் வலையைப் பார்த்தபடி இருந்தார். “மாட்டும் தம்பி. ராவுல வுட்ட வலைல மாட்டிக்கினு மேல வந்து மூச்சு வுட முடியாம செத்துரும். வலையும் கிழிஞ்சிரும். கரைக்குக் கொண்டாந்தா ஆயிரம் கேள்வி, கேசு. அறுத்து வுட்ருவோம். வேணும்னு யாரு புடிப்பா? கூட வெளாண்டது.”

ஓங்கிலைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதன் பயத்தில் செவுள் வலையில் சாகும் ஓங்கில் கரைக்கே வருவதில்லை. முன்பு செத்ததாவது எழுதப்பட்டது. இப்போது அதுவும் கடலுக்குள்ளேயே போய்விடுகிறது. உயிரோடு இருப்பதைச் சொல்லக்கூடியவர்களும் அதே மனிதர்கள்தான். அவர்களைப் பயமுறுத்தி வைத்துக்கொண்டு எந்தக் கணக்கை எடுப்பது? அவர்களில் கட்டுமரத்தில் போன கடைசித் தலைமுறைக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அடுத்த தலைமுறை எஞ்சின் வைத்த ஃபைபர் படகில் அலையை ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறது.

நான் செய்தது சின்னக் காரியம். போனில் ஒரு ஷீட் திறந்தேன். தேதி, நேரம், காற்று, அலை, எத்தனை ஓங்கில், என்ன செய்தன. தலைப்புகளை அண்ணாவே மாற்றச் சொன்னார். “காத்துன்னு மட்டும் போட்டா எப்டி? வாடையா, கச்சானா, கொண்டலா?” மாற்றினேன். “தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு போடு.” சேர்த்தேன். “கூட இன்னா மீனு வந்துச்சுன்னு போடணும்.” அதையும் சேர்த்தேன்.

இதுவரை பதினொரு வரிகள் ஏறியிருக்கின்றன. ஏழு அவர் சொன்னவை, நான்கு நான் பார்த்தவை. போன ஞாயிறு நான் பலகையிலிருந்து விழுந்து கரையேறியபோது கேட்டார்.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேண்ணா. மூணு. அலையில ரெண்டு தடவ வந்துச்சு.”

“நாலு. குட்டி ஒண்ணு அம்மா பக்கத்துலயே வந்துச்சே, அத பாக்கலியா?”

பார்க்கவில்லை. ஷீட்டைத் திறந்து மூன்றை நான்காக்கினேன்.